நிலாவில் காற்று இல்லை என்று போகாமலே எப்படிச் சொன்னார்கள்?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

வளர்பிறை நிலாவின் இருட்டு விளிம்பில் ஒரு நட்சத்திரம் மறைவதை பைனாகுலரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மங்கி மங்கிப் போகாது, பட்டென்று போய்விடும். போன வாரம்தான் முதல்முறை பார்த்தேன். அதிலிருந்து ஒரு கேள்வி.

நிலாவில் காற்று கிடையாது என்று அப்போலோ இறங்குவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் படித்ததாக அப்பா சொல்கிறார். யாருமே போகாத இடத்தைப் பற்றி எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள்? வெள்ளி, செவ்வாய், சனியின் துணைக்கோள் டைட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் இவ்வளவு, வெப்பம் இவ்வளவு என்று போடுகிறார்களே, அதெல்லாம் அளந்ததா, கணக்குப் போட்டதா? நம் பக்கம் வானம் பார்க்கிற ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

வானூர் வாத்தியார்

தம்பி, அந்தப் ‘பட்டென்று’தான் சாட்சியே.

காற்று ஒளியை வளைக்கும். மாலையில் அடிவானத்துக்குக் கீழே சூரியன் இறங்கிய பிறகும் ஓரிரு நிமிடம் அது நமக்குத் தெரிவது இந்த வளைவினால்தான். நிலாவைச் சுற்றிக் காற்று இருந்தால், நட்சத்திரம் விளிம்பை நெருங்கும்போதே அதன் ஒளி வளைந்து பரவி மங்கத் தொடங்கும். மறைய வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக மறையும், மறுபக்கம் கொஞ்சம் சீக்கிரமாக எட்டிப் பார்க்கும். நிலாவில் இரண்டுமே நடப்பதில்லை. ராக்கெட் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

‘காற்றே இல்லை’ என்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. ஹீலியம், ஆர்கான், சோடியம், பொட்டாசியம் அணுக்கள் கொஞ்சம் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளக்கூட ஆள் இல்லாத அளவுக்கு அரிதானவை. 2008 நவம்பர் 14-ஆம் தேதி சந்திரயான்-1 கீழே விட்ட மோதுகலனில் ‘சேஸ்’ என்ற கருவி இருந்தது. விழுந்துகொண்டிருந்த நேரத்திலேயே அந்த அரிதான வாயுவை அது அளந்தது.

இதே மறைப்பு முறையில்தான் 1988 ஜூன் 9 அன்று புளூட்டோவும் மாட்டிக்கொண்டது. அது ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது ஒளி பட்டென்று போகவில்லை, இறங்கி இறங்கிப் போனது. அப்படியென்றால் காற்று உண்டு. 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் போய்ப் பார்த்தபோது நீல நிறத்தில் புகைமூட்டம். அழுத்தம் நம்முடையதில் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒரு பங்கு.

பாகூரான்

எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததாகவே இருக்கிறதே வாத்தியாரே. நம்மூரில் எதுவும் இல்லையா?

சில்வர்பீச்

ஏன் இல்லை? காவலூர் வானோக்ககம் இருக்கிறது அண்ணே. ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஏற வேண்டும். 1972-இல்தான் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். அதே ஆண்டு ஜூன் 7, வியாழனின் துணைக்கோள் கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் ஜாவா தீவிலிருந்தும் அதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். ஒளி இறங்கிய விதத்தை வைத்து கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்று 1973-இல் அறிவித்தார்கள். நம் ஜே.சி. பட்டாச்சார்யா அந்தக் குழுவில் ஒருவர். கானிமீடின் வளிமண்டலத்தைக் கண்டுபிடித்ததே காவலூர்தான். இதைப் பாடப்புத்தகத்தில் போட மாட்டேன் என்கிறார்கள்!

நெய்வேலிக்காரன்

> கானிமீடின் வளிமண்டலத்தைக் கண்டுபிடித்ததே காவலூர்தான்.

மன்னிக்கவும் தங்கச்சி, பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். 1972 அளவீட்டை வைத்து அவர்கள் போட்ட அழுத்தம் ஒரு மைக்ரோபார் அளவு, அதாவது நம் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1979-இல் வாயேஜர்-1 விண்கலம் பக்கத்திலேயே போய், ஒரு நட்சத்திரத்தின் புறஊதா ஒளி கானிமீடின் பின்னால் மறைவதைப் பார்த்தது. காற்று இருப்பதற்கான தடயமே இல்லை. இருந்தாலும் முந்தைய கணக்கைவிடப் பத்தாயிரக்கணக்கான மடங்கு குறைவாகத்தான் இருக்க முடியும் என்று முடிவானது. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். முகநூலில் சுற்றும் ‘தமிழ்நாடு கண்டுபிடித்தது’ பதிவுகளில் வாயேஜர் வருவதே இல்லை.

சில்வர்பீச்

ஆனால் கடைசியில் அங்கே ஆக்சிஜன் இருப்பது ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் தெரியத்தானே செய்தது? அப்போது காவலூர் சொன்னது சரிதானே?

நெய்வேலிக்காரன்

பதில் சரி, வழிக்கணக்கு தப்பு. அதற்கு மதிப்பெண் கொடுக்கலாமா என்பதை வாத்தியார் சொல்லட்டும்.

வானூர் வாத்தியார்

இரண்டு பேரும் என்னை வம்பில் இழுத்துவிடுகிறீர்கள். என் கணக்கு இது.

ஹப்பிள் 1990-களில் பார்த்தது மிக மெல்லிய ஆக்சிஜனின் புறஊதா ஒளிர்வை. வியாழனின் காந்தப்புலத்தில் சுற்றும் மின்துகள்கள் கானிமீடின் பனிக்கட்டியை அடித்து உடைப்பதால் வருகிற ஆக்சிஜன் அது. ஹப்பிள் தரவிலேயே நீராவியும் இருப்பதாக 2021-இல் சொன்னார்கள். இந்த ஆக்சிஜன் நட்சத்திர ஒளியை வளைக்கிற அளவுக்கு அடர்த்தியே கிடையாது. ஆகவே 1972-இல் நட்சத்திர ஒளியின் வரைகோட்டில் தெரிந்த சரிவை இந்த ஆக்சிஜன் உண்டாக்கியிருக்க முடியாது. ஹப்பிள் வந்து காவலூரை மெய்ப்பித்தது என்று எழுதினால் நெய்வேலிக்காரர் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது.

ஆனால் காவலூரைக் குறைத்துப் பேசுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. நோக்கம் யுரேனஸின் வளிமண்டலத்தை அளப்பது. அமெரிக்கக் குழு விமானத்தில் தொலைநோக்கியை வைத்து இந்தியப் பெருங்கடல் மேலே பறந்து பார்த்தது. கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் சிலமுறை மின்னி அணைந்தது. யுரேனஸின் வளையங்கள் அப்படித்தான் சிக்கின. காவலூரிலும் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த மறைப்பைப் பதிவு செய்தார்கள். தங்களுக்குக் கிடைத்த மறைப்பை முதலில் யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று எழுதினார்கள். அதே ஆண்டில், வளையங்கள் என்று வானியலாளர் வைனு பாப்புவோடு சேர்ந்து பட்டாச்சார்யா எழுதினார்.

ஒளி குறைந்தது என்பது மட்டும்தான் அளவீடு. காற்றா, வளையமா, துணைக்கோளா, நம்மூர் மேகமா என்பது அதற்குப் பிறகு நாம் வைக்கிற பெயர். 1972-இல் அளவீட்டில் அல்ல, பெயர் வைத்ததில்தான் பிசகு. நான் இந்தப் பதிவை மாணவர்களுக்குக் கொடுத்தால் வாயேஜரோடு சேர்த்தே கொடுப்பேன். அப்போதுதான் ருசி.

முத்தியால்பேட்டை

‘நம்மூர் மேகமா’ என்றதும் நுழைகிறேன். புதுச்சேரிக்காரன் இந்த இழையில் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம்.

வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போவதை அளக்க 1760-இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பியவர். சூரியனின் தூரத்தைக் கணக்கிடுவதுதான் குறிக்கோள், வளிமண்டலம் அல்ல. வரும் வழியில் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. கரை இறங்க முடியவில்லை. வெள்ளி குறுக்கே போன ஜூன் 6 அன்று ஆடுகிற கப்பல் தளத்திலிருந்து பார்த்தார், அளவு எதுவும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. அடுத்தது எட்டு ஆண்டு கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றினார். மணிலாவுக்குப் போய், அங்கிருந்து 1768-இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் நடுவில் நோக்ககம் கட்டினார். சண்டைக்காரர்களான ஆங்கிலேயரே சென்னையிலிருந்து ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பினார்கள்.

1769 ஜூன் 4 விடியல். முந்தைய நாட்களில் தெளிவாக இருந்த வானம், அன்று சரியாக அந்த நேரத்துக்கு மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் சுத்தமாக இருந்தது என்பது தனி வயிற்றெரிச்சல். 1771-இல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று முடிவு கட்டி சொத்தைப் பிரிக்கத் தயாராக இருந்தார்கள், பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் அவர் இடமும் போயிருந்தது.

அவர் இங்கே வெறுங்கையோடு இருந்துவிடவில்லை. தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கு கற்றார். சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடச் சூத்திரம் சொல்லிப் போடுகிற கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடிக்கும் நேரத்தில் சோழிக்கணக்கு 41 வினாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் அப்போது சிறந்ததாக இருந்த, வானியலாளர் மேயரின் நிலா அட்டவணை 68 வினாடி கூடுதலாகச் சொன்னது.

இழைக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், அவர் கப்பலில் தவித்த அதே 1761 நிகழ்வை ரஷ்யாவில் பார்த்த அந்நாட்டு விஞ்ஞானி லொமனோசோவ், சூரிய விளிம்பைத் தொடும்போது வெள்ளியைச் சுற்றி ஒளி வளைவு தெரிந்ததாகச் சொல்லி, வெள்ளிக்குப் பெரிய வளிமண்டலம் உண்டு என்று எழுதினார். அவருடைய கருவியில் அது உண்மையிலேயே தெரிந்திருக்குமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். முடிவு மட்டும் சரி. நெய்வேலிக்காரர் இவருக்கும் மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.

நெய்வேலிக்காரன்

குறைத்தாயிற்று.

கெடிலக்கரை

அருமை. இதை எழுதும்போதே இன்னொன்று கேட்கிறேன். செவ்வாயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் புழுதிப்புயல் என்கிறார்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்ததைப் பார்த்தவன் நான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்படிப்பட்ட காற்றில் செவ்வாய்க்கு அனுப்பிய ரோவர் வண்டிகள் எப்படிச் சாயாமல் நிற்கின்றன?

நெய்வேலிக்காரன்

இது நம்ம ஏரியா. காற்று தள்ளும் விசை இரண்டைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம். நம் காற்று ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோ. செவ்வாயில் 0.02 கிலோ, அதாவது 60-இல் ஒரு பங்கு. 60-க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 7.7. ஆகவே அங்கே மணிக்கு 100 கி.மீ. என்பது இங்கே 13 கி.மீ. காற்று தள்ளுகிற மாதிரி. கொடியில் துணி ஆடும், அவ்வளவுதான்.

இப்போது திருப்பிப் போடுங்கள். தானே 140 கி.மீ. அளவில் வந்தது. அதே விசை செவ்வாயில் வர வேண்டுமானால் காற்று 1,080 கி.மீ. வேகத்தில் அடிக்க வேண்டும். பெர்சிவரன்ஸ் ரோவரின் மைக்கை வைத்து அங்கே ஒலியின் வேகத்தை அளந்திருக்கிறார்கள்: வினாடிக்கு 240 மீட்டர், மணிக்கு 860 கி.மீ. போல. ஒலியை மிஞ்சி அடித்தால்தான் அங்கே தானே. நடக்காது.

வெள்ளியில் தலைகீழ். தரையில் அழுத்தம் நம்மைப்போல 90 மடங்குக்கு மேல், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 65 கிலோ. சோவியத்தின் வெனரா கலங்கள் அளந்த தரைக்காற்று வினாடிக்கு ஒரு மீட்டர்தான், நாம் மெதுவாக நடக்கிற வேகம். ஆனால் அது தள்ளுகிற தள்ளு இங்கே 26 கி.மீ. காற்றுக்குச் சமம்.

செவ்வாய்ப் புழுதி ஆளைச் சாய்க்காது, வெயிலை மறைக்கும். 2018-இல் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் போனது அப்படித்தான். கோள் முழுக்க மூடிய புழுதியில் சூரியத் தகடுக்கு வெளிச்சம் கிடைக்காமல் ஜூன் 10-க்குப் பிறகு பேச்சே இல்லை.

பாகூரான்

முதல்முறையாக நெய்வேலிக்காரர் கணக்கு எனக்குப் புரிந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கிறேன்.

சில்வர்பீச்

காற்றைப் பேசியாயிற்று, தரைக்கு வரலாமா? பொம்மையார்பாளையம் செம்மண் ஓடைகளுக்குப் போனவர்கள் சொல்லுங்கள். மழை அரித்து அரித்துக் கிளை கிளையாகப் பிரிந்த பள்ளங்கள். விளிம்பில் நின்றால், மேலே குறுகிய பல வாய்க்கால்கள், கீழே ஒன்றாகச் சேர்ந்து, அடியில் விசிறியாகப் பரவின மண். செவ்வாயில் பள்ளச் சரிவுகளை எடுத்த படங்களில் அப்படியே இதே உரு. மேலே பிறை வடிவக் குடைவு, நடுவில் ஓடை, கீழே விசிறி. அப்படியென்றால் அங்கே அண்மையில் தண்ணீர் ஓடியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வானூர் வாத்தியார்

பாப்பா, 2000-இல் அந்தப் படங்கள் வந்தபோது விஞ்ஞானிகளும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு சுற்றுகலன்கள் அதே சரிவுகளைப் பருவம் மாற்றி மாற்றிப் படம் எடுத்தன. பல இடங்களில் புதிய ஓடை விழுவது குளிர்காலத்தில், கார்பன் டை ஆக்சைடு உறைபனி படிந்திருக்கும் காலத்தில். தண்ணீர் ஓடுகிற காலமே அல்ல. உறைபனி நேராக வாயுவாக மாறும்போது மண்ணைத் தளர்த்திச் சரிய விடுகிறது. பொம்மையார்பாளையத்தில் மழை செய்கிற வேலையை அங்கே வேறு ஒன்று செய்கிறது. உருவம் ஒன்றாக இருப்பதை வைத்து மட்டும் காரணத்தை எழுத முடியாது.

கல் கொஞ்சம் நம்பகமான சாட்சி. 2012-இல் கியூரியாசிட்டி ரோவர் இறங்கிய, செவ்வாயின் கேல் பள்ளத்தில் உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் பதிந்த பாறை கிடைத்தது. அந்த அளவுக் கல்லைக் காற்றால் தூக்கி உருட்ட முடியாது, ஓடுகிற தண்ணீர்தான் உருட்டியிருக்க வேண்டும். ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஆறு.

டைட்டன் இன்னும் வேடிக்கை. 1944-இலேயே வானியலாளர் கைப்பர் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து மீத்தேன் இருப்பதைச் சொல்லிவிட்டார். தரை மட்டும் தெரியவில்லை, அவ்வளவு ஆரஞ்சுப் புகை. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் இறங்கியது. வழியில் எடுத்த படங்களில் கிளைவிட்ட ஆற்றுத்தடம். இறங்கிய இடத்தில் உருண்ட கற்கள். அவை கல்லே அல்ல, நீர்ப்பனி. மைனஸ் 179 டிகிரியில் பனி பாறை மாதிரி கெட்டி. ஓடியது தண்ணீர் அல்ல, திரவ மீத்தேன். கலத்தின் சூட்டில் தரையிலிருந்து மீத்தேன் ஆவி எழும்பியதைக்கூடக் கருவி பதிவு செய்தது. அங்கே மழைத்துளி நம் துளியைவிடப் பெரியதாக வளரலாம், இறங்குவது வினாடிக்கு ஒன்றரை மீட்டர் போல என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குடையை விரிக்க நேரம் இருக்கும்.

முத்தியால்பேட்டை

வெள்ளியின் தரையை எப்படிப் பார்த்தார்கள்? மேகம் எப்போதும் விலகாதே. லெ ழாந்தி நிலைமைதான்.

நெய்வேலிக்காரன்

ரேடார். மெகல்லன் விண்கலம் 1990 முதல் 1994 வரை வெள்ளியைச் சுற்றி 98 சதவீதத்தை வரைந்தது. அந்தப் பழைய தரவை எடுத்து, 1991-இல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, மாட் மோன்ஸ் எரிமலையில் ஒரு வாய் பெரிதாகி உரு மாறியிருப்பதை 2023-இல் சொன்னார்கள். முப்பது வருடம் பெட்டியில் கிடந்த படம்! புதுக் கலம் அனுப்பினால்தான் புதுச் சேதி என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுவேன். இஸ்ரோவின் வெள்ளி சுற்றுகலனுக்கு 2024-இல் அனுமதி கிடைத்தது. அதிலும் ரேடார் உண்டு.

கெடிலக்கரை

சந்திரயான்-3 பற்றி யாரும் சொல்லவில்லையே. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர். தரைக்குள்ளே ஊசி இறக்கி அளந்தார்களாமே?

வானூர் வாத்தியார்

அந்தக் கருவி ‘சேஸ்டே’. இதன் பெயரை முன்னே சொன்ன சேஸோடு குழப்பாதீர்கள். 10 செ.மீ. ஆழம் வரை இறங்கக்கூடிய, பத்து வெப்ப உணரிகள் உள்ள குச்சி. 2023 ஆகஸ்டில் இஸ்ரோ வெளியிட்ட வரைபடத்தில் மேல்மண் 70 டிகிரிக்குப் பக்கம், வெறும் 8 செ.மீ. கீழே மைனஸ் 10. நடுப்பகலில் கடலூர் சில்வர் பீச் மணலில் கால் வைக்க முடியாது, காலாலேயே கொஞ்சம் கிளறினால் அடி மணல் குளிரும் இல்லையா, அதன் உச்சக்கட்டம். நம் மணலில் துகள்களுக்கு நடுவே காற்றும் ஈரமும் சூட்டைக் கடத்தும். அங்கே இரண்டும் இல்லை. துகளும் துகளும் தொடுகிற முனை வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும். தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இது இன்னொரு பக்கத்துச் சாட்சி.

அளந்ததா, கணக்கா என்று கேட்டீர்கள். நிலா, செவ்வாய், வெள்ளி, டைட்டன் நான்கிலும் கருவி தரையைத் தொட்டு அளந்திருக்கிறது. கானிமீடு, புளூட்டோ, நெப்டியூனின் துணைக்கோள் டிரைட்டன் போன்றவை தூரத்திலிருந்து ஒளியையும் ரேடியோ அலையையும் வைத்துப் போட்ட கணக்கு. ஒரு எண்ணைப் படிக்கும்போது அது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்வர்பீச்

சார், கடைசியாக ஒன்று. கல்லூரியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி சும்மா கிடக்கிறது. அதை வைத்து இன்னொரு கோளின் காற்றை நாமே பார்க்க முடியுமா?

வானூர் வாத்தியார்

முடியும். வியாழனின் பட்டைகள் எல்லாமே மேகம்தான், ஆகவே அதைப் பார்த்தாலே பார்த்தாயிற்று. கொஞ்சம் கஷ்டமானது வெள்ளி. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே அது வரும் நாட்களை ஒட்டி மெல்லிய பிறையாகத் தெரியும். அப்போது பிறையின் இரண்டு கொம்பும் அரைவட்டத்தைத் தாண்டி நீளும். வெறும் பாறை உருண்டையில் அப்படி நீளாது, அதன் காற்றில் சிதறுகிற ஒளி அது. ஆனால் சூரியன் பக்கத்திலேயே இருக்கும். கட்டட நிழலில் நின்று, சூரியன் சுவருக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பழக்கமானவர் கூட இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரு நொடி தவறினாலும் கண் போய்விடும்.

நிலா மறைப்புகளை செல்போனில் வீடியோ எடுத்து நேரத்தைக் குறிப்பது அதைவிடச் சுலபம், ஆபத்தும் இல்லை. தொலைநோக்கியை பீச்சுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், உப்புக்காற்று கண்ணாடிப் பூச்சைத் தின்றுவிடும். கல்லூரி மொட்டைமாடியே போதும், வாட்ச்மேனிடம் சாவியை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.